செல்லாத ஒரு ரூபாய்: நகைச்சுவை எழுதப் பழகுவோருக்கு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நகைச்சுவை எழுதப் பழகுவது எப்படி என்பதை இன்றைக்குப் பேசுபொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதி முடித்த நகைச்சுவையை ஆராய்வதற்கு நம் பல்கலைக்கழகங்களில் இடம் உண்டு, ஆய்வேடுகளும் வருகின்றன. எழுத உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பிள்ளைக்குக் கைகொடுக்கும் பேச்சுதான் குறைவு. கவிதை எழுத யாப்பு சொல்லித் தருகிறோம். சிறுகதைக்குப் பட்டறை நடத்துகிறோம். நகைச்சுவை என்று வந்தால் மட்டும் ‘அது கூடப் பிறக்க வேண்டும்’ என்று கையை விரித்துவிடுகிறோம். இதை நான் ஏற்கவில்லை. கூடப் பிறப்பது பேச்சில் இருக்கும் குறும்பு. எழுத்தில் வரும் நகைச்சுவை கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. உழைத்துக் கற்றுக்கொண்டவர்கள் நம் மொழியில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

புதிதாக எழுத வருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் ஒரு நோட்டு இருக்கும். அது நிறையத் துணுக்குகள் இருக்கும். வார இதழ்கள் பல தலைமுறைகளாக நம்மை அப்படிப் பழக்கியிருக்கின்றன: நோயாளியும் டாக்டரும், மன்னரும் மந்திரியும், மாமியாரும் மருமகளும், தலைவரும் தொண்டரும். துணுக்கை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரண்டே வரியில் ஒரு சூழலை நிறுத்திக் கவிழ்த்துக் காட்டுவது கடினமான பயிற்சி. ஆனால் துணுக்கில் வரும் டாக்டருக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, கடன் இல்லை, நேற்று என்று ஒரு நாளும் இல்லை. அப்படிப்பட்ட துணுக்குகளை வரிசையாகக் கோத்து நாடகம் எழுதினால் முதல் பத்து நிமிடம் அரங்கம் சிரிக்கும். பிறகு சோர்ந்துவிடும். இவர்களில் யாருக்கு என்ன ஆகுமோ என்ற கவலை பார்ப்பவர் மனத்தில் விழாததுதான் காரணம்.

எனவே தொடக்க எழுத்தாளர் முதலில் தேட வேண்டியது ஒரு மனிதரின் பிடிவாதம் என்பேன். ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டும். அதை அடைவதற்கு அவரிடம் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் உலகத்தின் நியாயத்தோடு ஒட்டவில்லை. அவரோ விடுவதாக இல்லை. அவரை வேடிக்கை பார்க்கும் இடத்தில் நிற்காமல், அவருடைய வக்கீலாக எழுத்தாளர் மாற வேண்டும். அவரைவிடத் தீவிரமாக அவருடைய கட்சியை நம்ப வேண்டும். இன்று நான் சொல்வதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

இது நமக்குப் புதிதும் அல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைக்கிறது. அது பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கைச் சொல்கிறது. தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்துபோகும் இந்த நான்கையும் எழுதுகிறவர் கண்ணோடு மறுபடி பார்க்க வேண்டும். தொடக்க எழுத்தாளர் எல்லாரும் போய் நிற்கும் இடம் எள்ளல். கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது அதுதான். பேதைமையில் கொஞ்ச தூரம் போகலாம்: தெரியாதவன் தவறு செய்வான், திருத்தினால் திருந்திவிடுவான், காட்சி அங்கே முடிந்துவிடும். பிறர் சொன்னதை ஏற்றுக்கொண்டு, ஏற்றதைக் கைவிடாமல் நிற்பதை மடன் என்று விளக்குவது உரை மரபு. அப்படி நிற்பவன் திருத்தத் திருத்த இன்னும் ஆழமாகப் போவான். அங்கேதான் காட்சி வளர்கிறது. நான்கில் நாடகம் எழுதுகிறவருக்குக் கிடைத்த பெரிய புதையல் இது என்பது என் துணிபு.

பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’யைப் பாருங்கள். சுகுண விலாச சபையை 1891இல் தொடங்கியவர், வழக்கறிஞர், நீதிபதியாகவும் இருந்தவர், இப்படி ஒரு நாடகத்தையும் எழுதினார். 1941இல் ஏ.வி. மெய்யப்பன் அதைப் படமாக எடுத்தார். செல்வந்தர் வீட்டுப் பிள்ளை சபாபதியாக டி.ஆர். ராமச்சந்திரன், அதே பெயருள்ள வேலைக்காரனாக காளி என். ரத்தினம். வேலைக்காரன் சபாபதி, சொன்ன சொல்லைச் சொன்னபடியே நிறைவேற்றுகிறான். முதலாளியைக் கேலி செய்யும் எண்ணம் அவனிடம் துளியும் இல்லை. முழு விசுவாசத்தோடு செய்கிறான். அந்த விசுவாசம்தான் சிரிப்பின் வேர். அவன் ஒரு கணம் பார்வையாளரைப் பார்த்துக் கண் சிமிட்டியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

இனி, நீங்கள் எல்லாரும் அறிந்த ஒரு காட்சிக்கு வருகிறேன். கங்கை அமரன் இயக்கிய ‘கரகாட்டக்காரன்’ 1989இல் வந்தது. அதில் கவுண்டமணியும் செந்திலும் நடித்த வாழைப்பழக் காட்சியை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். எழுத்தாக ஒரு முறை அதைப் பிரித்துப் பாருங்கள். இரண்டு பழம் வாங்கிவரக் காசு கொடுக்கப்படுகிறது. ஒரு பழம் வருகிறது. இன்னொன்று எங்கே என்பது கேள்வி. இருக்கும் பழத்தைக் காட்டி, அந்த இன்னொன்றுதான் இது என்பது பதில். ஒரு பொருள், ஒரு கேள்வி, ஒரு பதில். காட்சி முழுவதற்கும் முதலீடு இவ்வளவுதான். புதிய தகவல் ஒன்றும் வருவதில்லை. கேள்வி கேட்பவரின் கோபம் மட்டும் ஏறுகிறது. பதில் சொல்பவரின் முகத்தில் மாற்றமே இல்லை. கணக்காகப் பார்த்தால் அந்தப் பதிலில் பிழை கண்டுபிடிப்பதும் எளிதல்ல. வாங்கியது இரண்டு, ஒன்று தின்றாயிற்று, மற்றொன்று இது. உடைக்க முடியாத இந்த நியாயத்தில் போய் மோதிக்கொண்டுதான் கவுண்டமணியின் பாத்திரம் நிலைகுலைகிறது. பதில் என்ன வரும் என்று நமக்கு முன்பே தெரியும், தெரிந்தும் காத்திருக்கிறோம். நகைச்சுவைக்கு எதிர்பாராமை வேண்டும் என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். எதிர்பார்த்தது அச்சுப்பிசகாமல் வந்து சேர்வதும் அதே அளவு வலிமையானது என்பதற்கு இந்தக் காட்சி சான்று.

இந்தக் காட்சிக்கு எழுத்தாளர் உண்டு. ஏ. வீரப்பன் என்பது அவர் பெயர். கவுண்டமணி, செந்தில் இணைக்கு நகைச்சுவைப் பகுதிகள் எழுதியவர். நடித்தவர்கள் பெயர் ஊருக்கெல்லாம் தெரிகிறது. எழுதியவர் பெயர் இந்த அவையிலேயே எத்தனை பேருக்குத் தெரியும் என்று யோசிக்கிறேன்.

அடுத்து, கேட்பவரைப் பற்றி. தொடக்க எழுத்தாளர்கள் பேசுகிறவருக்கே எல்லா உழைப்பையும் கொடுத்துவிடுகிறார்கள். எதிரில் இருப்பவர் ‘அப்படியா’ என்றும் ‘அப்புறம்’ என்றும் சொல்லிக்கொண்டு நிற்பார். ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ், தந்தையாக வரும் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஸ்ரீதர் இயக்கிய அந்தப் படத்தின் நகைச்சுவையில் சித்ராலயா கோபுவின் கை உண்டு. சினிமா எடுக்கத் துடிக்கும் செல்லப்பா, ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் முதலாளி, பேய்க்கதை ஒன்றைச் சத்தங்களோடு சொல்கிறான். சிரிப்பு எங்கே விளைகிறது? பாதிக்கு மேல் பாலையாவின் முகத்தில். பணம் தரக்கூடாது என்ற உறுதியோடு உட்கார்ந்த கண்டிப்பான மனிதர், கதை நகர நகரக் குழந்தையாகி, பயந்து ஒடுங்குகிறார். மகனின் திறமையை நம்பாத தகப்பனை அதே மகனின் கதை ஆட்டிவைக்கிறது. கேட்பவருக்கும் ஒரு பிடிவாதம் இருந்ததால்தான் அது கரைவது பார்க்க இன்பமாக இருக்கிறது. எழுதும்போது எதிரில் நிற்பவருக்கும் ஒரு தேவையைக் கொடுங்கள். இது ஒன்றைச் செய்தாலே உங்கள் காட்சி பாதி தேறிவிடும்.

தேவை பெரியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. உண்மையானதாக இருக்க வேண்டும். ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ (1965) தருமிக்கு வேண்டியது ஆயிரம் பொன். வறுமை அவனை விரட்டுகிறது, அகப்பட்டுக்கொள்வோமோ என்ற பயம் பின்னால் இழுக்கிறது. ஆசையும் பயமும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் இருப்பதை நாகேஷ் நடந்தே காட்டிவிடுகிறார். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையிலும் இதே நேர்மை உண்டு. கடவுள் சென்னைக்கு வந்து எதிரில் நிற்கிறார். கந்தசாமிப் பிள்ளை சித்த வைத்தியப் பத்திரிகை நடத்துகிறவர். கடவுளையே கண்ட மனிதர் அவரை ஆயுள் சந்தாதாரர் ஆக்குவதிலும் கருத்தாக இருக்கிறார். பத்திரிகை நடத்துகிறவருக்குச் சந்தாவைவிடப் பெரிய தரிசனம் இல்லை. அந்த மனிதரை அவ்வளவு அறிந்து எழுதியதால்தான், எண்பது ஆண்டு கடந்தும் அந்தக் கதை பழசாகவில்லை.

இவ்வளவு பேசிவிட்டு எழுதிக் காட்டாமல் போவது முறையல்ல. ஒரு சிறிய காட்சியை எடுத்துக்கொண்டு படிப்படியாக எழுதிப் பார்ப்போம். இடம், மதுரைக்கு மேற்கே ஓர் ஊர்க் கல்யாண மண்டபம். மொய் எழுதும் மேசை. எழுதும் இளைஞன் ஒருவன். மொய் வைக்க வந்த பெரியவர் ஒருவர். தொடக்க எழுத்தாளர் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“மொய் எழுதணுமாய்யா?”

“ஆமா, மொய்யை எழுது. பொய்யை எழுதாத.”

சொல் விளையாட்டு. யார் வாயிலும் இதை வைக்கலாம். அதனாலேயே இது யாருடைய பேச்சும் இல்லை. இதை அடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்போம். இந்தப் பெரியவருக்கு என்ன வேண்டும்? பெண்ணின் அப்பா இவருக்குப் பழைய நண்பர். இவர் மகள் கல்யாணத்தில் அந்த நண்பர் மொய் வைத்திருக்கிறார். வாங்கியதைத் திருப்பிச் செய்வது மொய்யின் நியாயம். இவர் நாணயமான மனிதர். வாங்கியது எவ்வளவோ அவ்வளவைத் திருப்பிச் செய்ய வந்திருக்கிறார். அதற்கு மேல் ஒரு ரூபாய் வைக்க மாட்டார். இப்போது எழுதுவோம்:

“ஊரு, பேரு சொல்லுங்கய்யா.”

“போடி சுப்பையா. நூறு.”

“நூத்தியொண்ணுங்களாய்யா?”

“நூறுன்னேன்.”

“மொய்னா ஒத்தப்படையில முடியணும்ங்கய்யா. ஒரு ரூவா சேத்துக்குவோம்.”

“தம்பி, எம்மக கல்யாணத்துல இந்தப் பொண்ணோட அப்பன் வச்சது நூத்தியொண்ணு. நோட்டுலயும் அப்பிடித்தான் இருக்கு. ஆனா அதுல ஒத்த ரூவா செல்லாத ரூவா. தேஞ்சுபோன காசு. பஸ்ஸுல வாங்கல, டீக்கடையில வாங்கல. செல்லாத ரூவாய்க்கு நான் எப்பிடித் திருப்பிச் செய்ய முடியும்? நூறு.”

“அது சரிங்கய்யா. ஆனா ஒத்தப்படையில முடியலன்னா நல்லாருக்காதுங்கய்யா.”

(யோசிக்கிறார்.)

“அப்ப எழுது, தொண்ணூத்தொம்போது.”

(நூறு ரூபாய்த் தாளை வைக்கிறார். இளைஞன் எழுதி முடிக்கிறான். பெரியவர் நகரவில்லை.)

“பந்தி ஆரம்பிச்சுட்டாங்கய்யா. சாப்பிடப் போங்க.”

“மீதி ஒரு ரூவா.”

இதில் வேடிக்கையாகப் பேசியவர் யாரும் இல்லை. இளைஞன் ஊர் வழக்கத்தைக் காப்பாற்றப் பார்க்கிறான். சுப்பையா தன் கணக்கைக் காப்பாற்றப் பார்க்கிறார். இரண்டும் நியாயம். அந்த இரண்டு நியாயத்துக்கும் பொதுவான எண்ணாகத் தொண்ணூற்றொன்பது வந்து நிற்கிறது. எண் தெளிவாக இருப்பதையும் கவனியுங்கள். ‘கொஞ்சம் பணம் வைத்தார், பிறகு குறைத்துக்கொண்டார்’ என்று எழுதியிருந்தால் ஒன்றும் இல்லை. போடி, நூற்றொன்று, தேய்ந்த காசு என்ற விவரங்களில்தான் இந்தக் காட்சி உயிர் வாழ்கிறது.

பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். நாம் இன்னொரு கேள்வி கேட்போம். தேய்ந்துபோன ஒரு ரூபாய்க்காக ஒரு மனிதர் இத்தனை வருஷம் ஏன் வெந்துகொண்டிருக்கிறார்? பணம் காரணமாக இருக்க முடியாது. சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்தவன் இவர் மகள் கல்யாணத்தில் செல்லாத காசை வைத்துவிட்டான். தெரிந்து வைத்தானா, தெரியாமல் வைத்தானா? கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. அந்தக் காசைச் செலவழிக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறார். இது தெரிந்ததும் காட்சிக்கு ஒரு முடிவு தானாகக் கிடைக்கிறது. பெண்ணின் அப்பா வேகமாக வருகிறார். ‘சுப்பையா, வந்துட்டியாடா’ என்று கையைப் பிடித்துக்கொள்கிறார். கண் கலங்கியிருக்கிறது. பேச்சு வராமல் உள்ளே போகிறார். சுப்பையா சற்று நேரம் நின்றுவிட்டு மேசைக்குத் திரும்புகிறார்.

“தம்பி, அதை அடிச்சுட்டு நூத்தியொண்ணுன்னே எழுது.”

(இடுப்பிலிருந்து ஒரு காசை எடுத்து வைக்கிறார். இளைஞன் புரட்டிப் பார்க்கிறான்.)

“அய்யா, இது செல்லாதுங்களே.”

“தெரியும். அவன் வச்சதுதான்.”

அன்பு ஜெயித்தது, கணக்கும் ஒரு பைசா பிசகவில்லை. சுப்பையா இளகினார், ஆனால் சுப்பையாவாகவே இளகினார். தொடக்க எழுத்தாளர்கள் இந்த இடத்தில் அவரை அழவைத்து, ஆயிரத்தொரு ரூபாய் வைக்கவைத்து, நல்லவராக மாற்றிவிடுவார்கள். அப்படி மாற்றினால் மனிதரும் போய்விடுவார், சிரிப்பும் போய்விடும். பாத்திரம் கடைசி வரியிலும் தன் குணத்திலேயே நிற்க வேண்டும்.

இனி வரியின் அமைப்பு. இதில் தமிழ் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வாக்கியம் வினைமுற்றில் முடிகிறது. சிரிப்பை எழுப்பும் சொல் பெரும்பாலும் பெயராகவோ எண்ணாகவோ இருக்கும். அது வாக்கியத்தின் நடுவில் மாட்டிக்கொள்ளும். ‘அப்படியானால் தொண்ணூற்றொன்பது என்று எழுதிக்கொள்’ என்று வைத்தால் எண்ணுக்குப் பிறகும் வாக்கியம் இழுத்துக்கொண்டு போகிறது. கேட்பவர் சிரிப்பதா, மிச்சத்தைக் கேட்பதா என்று தடுமாறுவார். பேச்சுத் தமிழ் இதற்கு வழி வைத்திருக்கிறது. வினையை முன்னால் விட்டு, சொல்லவேண்டியதைக் கடைசியில் போடலாம். ‘அப்ப எழுது, தொண்ணூத்தொம்போது.’ வீட்டில், கடையில் எல்லாரும் இப்படித்தான் பேசுகிறோம். எழுத உட்கார்ந்ததும் மறந்துவிடுகிறோம். கதையாக எழுதும்போது ‘என்று சொன்னார்’ என்ற வால் அதே கெடுதலைச் செய்யும். பேசுகிறவர் யார், என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பேச்சு முடியும் இடத்தில் பத்தியும் முடியட்டும்.

மேடைக்கு எழுதுகிறவருக்கு இன்னொன்று. அரங்கம் சிரிக்கும்போது அடுத்த வரி காதில் விழாது. எனவே பெரிய சிரிப்பு வரும் என்று நம்பும் இடத்துக்கு அடுத்த வரியில் கதைக்குத் தேவையான செய்தியை வைக்காதீர்கள். தொலைந்தாலும் நஷ்டமில்லாத வரி ஒன்றை அங்கே போடுங்கள். அனுபவப்பட்ட நடிகர் சிரிப்பு அடங்கும் வரை பொறுப்பார். புதியவர் பொறுக்க மாட்டார், அவரைக் காப்பாற்றுவது எழுத்தாளர் பொறுப்பு.

வட்டார வழக்கைப் பற்றியும் ஒரு சொல். என்.எஸ். கிருஷ்ணன் நாகர்கோவில் ஒழுகினசேரியிலிருந்து வந்தவர். தூத்துக்குடியில் பிறந்த சந்திரபாபு சென்னைப் பேச்சைத் தனதாக்கிக்கொண்டார். கவுண்டமணியிடம் கொங்கு, வடிவேலுவிடம் மதுரை. இலங்கையில் சிவஞானசுந்தரம் நடத்திய ‘சிரித்திரன்’ இதழில் யாழ்ப்பாணத்துப் பேச்சு கேலிச்சித்திரமாகவே நடமாடியது. எந்த ஊர்ப் பேச்சும் அது அந்த ஊரின் பேச்சு என்பதற்காகவே சிரிப்பாகிவிடாது. நன்றாகத் தெரிந்த பேச்சில் எழுதினால் மனிதர்கள் தாமாகப் பேசுவார்கள். தெரியாத பேச்சைப் பூசினால் வேஷம் கலைந்துவிடும். உங்கள் வீட்டில் என்ன பேசுகிறார்களோ அதில் தொடங்குங்கள்.

கற்றுக்கொண்டவர்கள் எப்படிக் கற்றார்கள்? தேவன் ஆனந்த விகடனில் ஆசிரியர் குழு வேலையோடு எழுதியவர். அவருடைய துப்பறியும் சாம்பு மந்த புத்திக்காரர். ஆனால் அந்தக் கதைகளின் கட்டுமானம் மந்தமானதல்ல. சாம்புவின் ஒவ்வொரு தடுமாற்றமும் சரியாகத் திருடன் மேல் போய் விழ வேண்டும். அதற்கு ஓர் உண்மையான துப்பறியும் கதைக்கு வேண்டிய கணக்கெல்லாம் வேண்டும். முட்டாளைப் பற்றி எழுத எழுத்தாளருக்குக் கூர்மை வேண்டும் என்பதைத் தேவனைப் பிரித்துப் படித்தால் அறியலாம். கிரேஸி மோகன் கிண்டியில் பொறியியல் படித்தவர். ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ நாடகத்தை எஸ்.வி. சேகரின் குழுவுக்காக எழுதினார். அதன் பெயரே அவருக்கு அடைமொழி ஆயிற்று. வேலையில் இருந்துகொண்டே நாடகம் எழுதினார். 1979இல் சொந்தக் குழு அமைந்தது. அவரைச் சொல் விளையாட்டுக்காரர் என்று மட்டும் நினைப்பவர்கள், ‘மைக்கேல் மதன காம ராஜன்’ (1990) படத்தில் கல்யாணச் சாம்பாரில் மீன் விழும் இடத்தை மறுபடி பார்க்கட்டும். சமையல்காரர் காமேஸ்வரனுடைய கலக்கம் முழுக்க உண்மையானது. மானம் போகப்போகிறது, ஆச்சாரம் கெடப்போகிறது. அந்தக் கலக்கத்தின் முதுகில் ஏறித்தான் சொற்கள் விளையாடுகின்றன. சொற்களை மட்டும் பார்த்து அவரைப் போலச் செய்ய முயன்ற பலருடைய நாடகங்கள் தோற்றதற்குக் காரணம், கலக்கத்தை விட்டுவிட்டு விளையாட்டை மட்டும் எடுத்துக்கொண்டதுதான்.

மோகனுக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. அதே குழு, அதே நடிகர்கள், திரும்பத் திரும்ப மேடை. எழுதிய வரி எங்கே எடுபட்டது, எங்கே விழுந்தது என்று காதால் கேட்டுத் திருத்தும் வாய்ப்பு. இன்றைக்குக் கைபேசியில் ஒரு நிமிடக் காட்சி எடுத்துப் போடும் பிள்ளைகளுக்குப் பார்வை எண்ணிக்கை தெரிகிறது. எந்த வரியில் சிரித்தார்கள் என்பது தெரிவதில்லை. எடுத்தவுடனே சிரிப்பு வர வேண்டும் என்ற நெருக்கடியில், மெல்லக் கட்டி உயர்த்தும் பழக்கமும் போய்விடுகிறது. ஆகவே, மாணவர்களே, நான்கு பேரை உட்காரவைத்து எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். நடிக்காமல், சாதாரணமாகப் படியுங்கள். சிரிப்பார்கள் என்று நினைத்த இடத்தில் அமைதி நிலவினால் அங்கே சொல்லைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். நினைக்காத இடத்தில் சிரித்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பாத்திரத்தைப் பற்றி உங்களுக்கே தெரியாத ஒன்றைக் கேட்டவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கடைசியாக, யாரைப் பார்த்துச் சிரிப்பது என்ற கேள்வி. இதில் எனக்குச் சமரசம் இல்லை. கறுத்த நிறம், பருத்த உடம்பு, திக்குவாய், திருநங்கையர், மனைவி என்றாலே கொடுமை: தமிழ்ப் படங்களின் நகைச்சுவையில் பெரும்பகுதி இவற்றின் மேல் நடந்திருக்கிறது. கை தட்டலும் வாங்கியிருக்கிறது. ஒருவர் தாமே தேர்ந்துகொள்ளாத ஒன்றுக்காக அவரைச் சிரிப்புக்கு ஆளாக்குவது கொடுமை என்பது முதல் காரணம். எழுத்தின் கணக்கிலும் அது நஷ்டம் என்பது இரண்டாவது. நிறமும் உடம்பும் மாறுவதில்லை, முடிவெடுப்பதில்லை, பிடிவாதம் பிடிப்பதில்லை. எனவே காட்சி வளர்வதில்லை. பாசாங்கு, பேராசை, அதிகாரத்தின் மிடுக்கு, தப்பான கணக்கு எல்லாம் மனிதர் தாமே தேர்ந்துகொள்பவை. அங்கே எழுதுவதற்கு எல்லையே இல்லை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் ‘நல்லதம்பி’யில் (1949) ‘கிந்தனார்’ காலட்சேபம் செய்தார். நந்தனார் கதையைப் பாடி வந்த அதே வடிவத்தில், படிக்கப் புறப்பட்ட கிந்தனின் கதையைச் சொன்னார். கிந்தனைப் பார்த்துச் சிரிக்க அதில் இடமில்லை. அவனைத் தடுத்த உலகத்தைப் பார்த்துச் சிரித்தோம். எழுபத்தைந்து ஆண்டுக்கு முன்பே நம்மால் இது முடிந்திருக்கிறது.

இந்த அவையில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சென்னைச் சபாக்களிலும் ஊர் மன்றங்களிலும் நடந்த நகைச்சுவை நாடகங்களில் பலவற்றின் பிரதிகள் இன்றுவரை அச்சேறவில்லை. நடிகர்களின் வீட்டுப் பரணிலும், குழுக்காரர்களின் பெட்டியிலும் கையெழுத்துப் படியாகவோ தட்டச்சுப் படியாகவோ கிடக்கின்றன. வீரப்பனைப் போலப் படங்களுக்கு நகைச்சுவைப் பகுதி எழுதியவர்களின் தாள்கள் என்ன ஆயின என்று கேட்பாரில்லை. எழுதப் பழகுகிற பிள்ளைக்கு ஒளிப்பதிவைவிட அந்தத் தாள்தான் அதிகம் சொல்லித்தரும். அடித்தது, திருத்தியது, ஓரத்தில் சேர்த்தது எல்லாம் அதில்தான் இருக்கும். அப்படிப்பட்ட பிரதிகள் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து வெளியே எடுங்கள். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ, அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்தையோ அணுகி, படியெடுத்து வைக்கச் சொல்லுங்கள். தமிழ்த்துறையினர் அவற்றில் சிலவற்றையாவது பதிப்பித்துப் பாடமாக வையுங்கள்.